மூணு ஆல்வேஸ்

சத்தியமாகச் சொல்கிறேன்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்பவே கொட்டிப் போகட்டும்!

ஒரு பெரிய ஹோட்டல். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. மதியக் கூட்டம் கலைந்ததும், ஊழியர்கள் சாப்பிடும் அறையில் வகுப்பு.

டீச்சர் சின்னப் பெண்தான். ஆனால் கறார்.

"இன்னிக்கு 'ஆல்வேஸ்'. எப்பவும்னு அர்த்தம். 'சூரியன் ஆல்வேஸ் கிழக்கே உதிக்கும்'னு கைடைப் பார்த்து ஒப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு வாக்கியமும் நீங்க கண்ணால பார்த்த உண்மையா இருக்கணும்."

"உண்மையைச் சொன்னா வேலை போயிடுமே டீச்சர்!" என்றார் லிஃப்ட்காரர்.

பின்வரிசையிலிருந்து மேனேஜர் எழுந்தார்.

"நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். ஐ ஆல்வேஸ் டேக் கேர் ஆஃப் மை ஃபாதர். எங்கப்பாவை நான் எப்பவும் நல்லா கவனிச்சுக்கறேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டீச்சர் அதைப் போர்டில் பெரிதாக எழுதினாள். சமையல் மாஸ்டர் மட்டும் கை தட்டவில்லை. கை ஈரமாம்.

"நாளைக்கு ஆளுக்கு மூணு ஆல்வேஸ் கொண்டு வரணும்," என்றாள் டீச்சர்.

மறுநாள் முதல் ஆளாகப் பாத்திரம் கழுவும் அக்காவை எழுப்பினாள். 'குட்மார்னிங்'கைச் சாயங்காலமும் சொல்கிற அக்கா அது. அன்றைக்கு என்னவோ விறைப்பாக நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தாள்.

"மாஸ்டர் ஆல்வேஸ் டேக்ஸ் சூப் ஃப்ரம் தி கிச்சன்."

எல்லார் தலையும் மேனேஜர் பக்கம் திரும்பியது.

மிச்சமானதைக் குப்பையில் கொட்டினாலும் கொட்டலாம், ஒரு கரண்டிகூட வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை காலி. இது மேனேஜர் போட்ட சட்டம்.

லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! ஒரே அடுக்களையில சாப்பிட்டுட்டு, அவர் வயித்துலயே அடிச்சிட்டியே!"

"உண்மையைத்தானே சொல்லச் சொன்னாங்க?" என்றாள் அக்கா.

மேனேஜர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர், உண்மையா?"

மாஸ்டருக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேருமே படிக்கிறார்கள். இந்த வயதில் வேறெங்கே போய் அடுப்பு பற்ற வைப்பது? ஆமென்று தலையை ஆட்டினார்.

"ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்புங்க."

மாஸ்டர் முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இருங்க சார், இன்னும் ரெண்டு பாக்கி," என்றாள் அக்கா.

"இந்த ஒண்ணே போதும்!"

"முழுசா சொல்லட்டும் சார்," என்றாள் டீச்சர். வகுப்பு என்றால் வகுப்பு.

"ஹி ஆல்வேஸ் கிவ்ஸ் இட் டு தி ஓல்ட் மேன் அப்ஸ்டேர்ஸ். எங்க வீட்டு மாடியில ஒண்டிக்கட்டையா ஒரு பெரியவர் இருக்கார் சார். அவருக்குத்தான் கொண்டு வந்து குடுப்பார்."

"போற வர்ற கிழவனுக்கெல்லாம் ஊத்திக் குடுக்க இது என்ன சத்திரமா?"

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"தி ஓல்ட் மேன் ஆல்வேஸ் ஆஸ்க்ஸ், டிட் மை சன் செண்ட் திஸ்?"

பாதிப் பேருக்குப் புரியவில்லை. டீச்சர் தமிழில் சொன்னாள். "இது என் மகன் அனுப்பினதான்னு அந்தப் பெரியவர் எப்பவும் கேட்பாராம்."

"அதுக்கு நம்ம மாஸ்டர் என்ன சொல்வாராம்?" என்றார் லிஃப்ட்காரர்.

அதற்கு அக்காவிடம் இங்கிலீஷ் இல்லை.

"'ஆமாங்கய்யா, எங்க மேனேஜர் சார்தான் மறக்காம குடுத்தனுப்பினார்'னு சொல்வார். எப்பவும்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முந்தின நாள் வாக்கியம் போர்டில் அப்படியே இருந்தது. மேனேஜர் எழுந்து போனார். டஸ்டர் பக்கத்திலேயே கிடந்தும், தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

"மாஸ்டர்..."

"சார்?"

"முடிச்சைப் போடுங்க. சூப் ஆறிடப் போகுது."

அன்று சாயங்காலம் மாடிப்படியில் பளபளக்கும் ஷூ சத்தம் கேட்டது. மேனேஜர் கையில் தூக்கு. எடுத்துப் பழக்கமில்லாததால் சூப் பாதி சட்டையில்.

பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். "இது என் மகன் அனுப்பினதா?"

"ஆமாப்பா," என்றார் மேனேஜர்.

டீச்சருக்குத்தான் இன்னும் தீராத சந்தேகம். குட்மார்னிங்கே தகராறான அக்காவுக்கு, ஒரு பிழை இல்லாமல் மூன்று வாக்கியத்தை ஒரே ராத்திரியில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அவள் யோசித்துக்கொண்டே இருக்கட்டும். நீங்களும் நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். முக்கியமாக என் மகனிடம். தூக்கில் பாதிதான் மிஞ்சுகிறது என்றாலும், அவன் கையால் சூப் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது.