தேங்காய் போட்ட ரவிக்கைத் துணி

"இது நான் குடுத்த துணியாச்சே!"

பிரபாவதி போட்ட சத்தத்தில், காது குத்திய வலியில் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

குழந்தையின் அம்மா விஜயா திரும்பிப் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து பந்தி ஆரம்பிக்கிற நேரம். பந்தல் வாசலில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு வரிசையாக அடுக்கியிருந்த துணிப்பைகளில் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியிலிருந்து ஏறி வந்திருந்த நாத்தனார் பிரபாவதி. கிளிப்பச்சை நிறம். ஓரமெல்லாம் மாங்காய்.

"ஆமாங்க நங்கையா, உங்க துணியாத்தான் இருக்கும்" என்றாள் விஜயா. பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல, யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

"உன்ற வளைகாப்புக்கு, சேலத்துல கடை கடையா ஏறி இறங்கி எடுத்த ரவிக்கைத் துணி! அதுல தேங்காயப் போட்டு வெச்சிருக்கற?"

விஷயம் இதுதான். போன மாசம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பாலித்தீன் கவர்களை விஜயாவின் பசு வாழைப்பழத் தோலோடு சேர்த்து விழுங்கிவிட்டது. வயிறு பானையாக உப்பி, மாட்டு டாக்டர் வந்து அது பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. தன் குழந்தை காதுகுத்துக்குக் கவரே கிடையாது, துணிப்பைதான் என்று விஜயா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

துணிக்கு எங்கே போவது? பெட்டியைத் திறந்தாள். கல்யாணம், வளைகாப்பு, தொட்டில் என்று வந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகள் பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றும் எந்தச் சேலைக்கும் ஒத்துவராத நிறம். கைக்கு வெட்டினால் முதுகுக்குப் பத்தாது, முதுகுக்கு வெட்டினால் கைக்குப் பத்தாது. பைக்குப் பத்துமே! தையல் மெஷினை மிதித்துத் தைத்துத் தள்ளிவிட்டாள்.

யார் கொடுத்தது எது என்று எவளுக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

"ஊர்ல எல்லாரும் பேர் அடிச்ச பிளாஸ்டிக் பையில குடுக்கறாங்க. நீ என்னடான்னா சீர்த் துணியக் கிழிச்சு..."

"கிழிக்கலீங்க நங்கையா, தெச்சிருக்கேன்."

"வாயப் பாரு! இந்த ஊட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன். பஸ் வரட்டும், நான் கீழ எறங்கறேன்."

"அக்கா, சாப்புட்டுட்டுப் பேசலாம் வாக்கா" என்று ஓடி வந்தான் விஜயாவின் புருஷன் அருள்.

"நீ பேசாதடா. உன்ற பொண்டாட்டிக்கு எங்க துணின்னா அவ்வளவு எளக்காரம்!"

கூடப் பிறந்தவள் கை நனைக்காமல் மலையிறங்கினால் அத்தோடு போக்குவரத்து அறுந்த மாதிரிதான். அருளின் சித்தப்பா வீட்டிலும் இப்படித்தான், ஒரு விருந்தில் சட்னி வைக்க மறந்ததில் ஆரம்பித்த சண்டை. பேரன் பேத்தி எடுத்தும் அவருக்கும் அவர் தங்கைக்கும் இன்னும் பேச்சில்லை.

அருளின் முகம் செத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் விஜயாவின் வாய் அடங்கிவிட்டது.

"தப்புத்தானுங்க நங்கையா. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. வேணும்னா பையப் பிரிச்சுத் துணியாவே குடுத்தர்றேன்."

"நக்கலா?"

சத்தியமாக நக்கல் இல்லை. ஆனால் யார் நம்புவார்கள்? போதாததற்கு வீடியோக்காரர் வேறு லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கக்கா" என்றார்.

அப்போதுதான் ரச வாளியோடு வந்தாள் பக்கத்துத் தோட்டத்து நஞ்சம்மாள். பிரபாவதியைப் பாவாடை கட்டின நாளிலிருந்து பார்த்தவள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"அட, இது என்ற துணியாச்சே!"

"என்னக்கா சொல்ற?" என்றாள் பிரபாவதி.

"உன்ற வளைகாப்புக்கு நான் குடுத்ததுதான் பிரபா. நானும் ஒண்ணும் கடையில எடுக்கல சாமி. எனக்கு வந்ததத்தான் மடிப்புக் கலையாம உனக்குக் கொண்டாந்தேன். நீ அத இவளுக்குக் குடுத்திருக்கற. சுத்தாத ஊடெல்லாம் சுத்தின துணி, இவ கையில வந்துதான் ஒரு வேலைக்கு ஆச்சு."

பிரபாவதியின் வாயில் சேலத்துக் கடையின் பேர் வரவே இல்லை.

"நெறம்... ஒரே மாதிரி இருக்கும்போல இருக்குது..." என்று முனகினாள்.

நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அதுவரை தங்கள் துணி எந்தப் பையில் இருக்கிறது என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்த பெண்கள், சட்டென்று பந்தலின் ஓலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"எல போட்டாச்சு, ரசம் ஆறுது. வா பிரபா" என்று கையைப் பிடித்து இழுத்தாள் நஞ்சம்மாள்.

பிரபாவதி உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை பாயசமும் கேட்டு வாங்கினாள். கிளம்பும்போது, "தையல் கெட்டியாத்தான் இருக்குது, எனக்கு இன்னொண்ணு சேத்திக் குடு" என்று இரண்டு பையோடு சோளக்காட்டில் பஸ் ஏறினாள்.

சாயங்காலம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் விஜயா நஞ்சம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தன பேரு முன்னால உங்க மானத்தையும் பாக்காம உண்மையச் சொன்னீங்களேக்கா! அந்தத் துணி உங்களுதுன்னு எப்படீங்க அடையாளம் தெரிஞ்சுது?"

நஞ்சம்மாள் கழுவின அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் எங்க கண்ணு ரவிக்கைத் துணி குடுத்தேன்? எவ ஊட்டு விசேசத்துக்குப் போனாலும் எவர்சில்வர் கிண்ணந்தான் குடுப்பேன்!"