ஏழாம் வெள்ளி

கோழிதான் கிளறி வெளியே தள்ளியது.

வாசற்படிக்குக் கீழே புதைந்து கிடந்த சின்னத் தைலப் போத்தல். கழுத்தைச் சுற்றிக் கறுப்பு நூல், எண்ணிப் பார்த்தால் ஏழு முடிச்சு. உள்ளே கறுப்பாய் என்னவோ சுருண்டு கிடந்தது.

றஹீமாவுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். சவூதியில் இருக்கிற புருஷன் முகைதீன்பாவாவிடமிருந்து நாலு மாதமாய்ச் சத்தம் சலனமே இல்லாததற்கு இதுதான் காரணமாக்கும்.

முன்பெல்லாம் லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது தன் குரலைப் பதிந்து ஒரு ஒலிநாடாக் கசற் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்போது அதுவும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டாராம் என்றாள் ஒருத்தி. அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் முடித்துவிட்டாராம் என்றாள் இன்னொருத்தி. றஹீமா பழைய கசற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் கொஞ்ச நாளாய்க் கடைசியில் சொல்லை விழுங்கியது. கசற் போடுகிற ரேடியோவில்தான் கோளாறு என்று நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு சபூறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். உள்ளே இருப்பது தலைமயிர்தான் என்று தூரத்தில் நின்றே முடிவுகட்டினாள். யார் மயிர், யார் வைத்தது என்று இரண்டு பேரும் ஊரிலுள்ள ஒவ்வொரு பெயராய் இழுத்துக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்ற பத்து வயது மகள் லைலா விம்மினாள்.

“நான்தான் உம்மா வெச்ச.”

விசாரித்தால், எல்லாம் கச்சிமுகம்மது கடையில் வாடகைக்கு எடுத்த மந்திரவாதிப் படக்கதை படுத்திய பாடு. காணாமல்போன இளவரசனை வரவழைக்க, மந்திரவாதி சொன்னபடி இளவரசி வாசலில் குடுவை புதைக்கிறாளாம். ஏழு பௌர்ணமி கழிந்தால் ஆள் வந்துவிடுவானாம்.

“பௌர்ணமி எண்டா போயா தானே உம்மா. அது பௌத்த ஆக்கள்ற நாள், நமக்கில்லயே. அதான் வெள்ளிக்கிழமையா மாத்தின. ஒவ்வொரு வெள்ளியும் அல்ஹம்து சூறாவும் ஓதின.”

றஹீமா தலையில் கை வைத்தாள். குர்ஆனையும் சூனியத்தையும் ஒரே போத்தலுக்குள் அடைத்திருக்கிறாள் பிள்ளை. ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு இவளை எவன் கலியாணம் முடிப்பான்? ஆண்டவன் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தச் சூட்டோடேயே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கச்சிமுகம்மது கடைக்கு நடந்தாள். அந்த மனிதர், சின்னப்பிள்ளைகள் வாசிக்கிற விளையாட்டுக் கதைதானே, இதனால் மார்க்க நம்பிக்கை கெட்டுவிடுமா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

“புள்ளைகள்ற ஈமான் போனா, அதையும் வாடகைக்குத் தருவீங்களா காக்கா?” என்றாள்.

கடைக்கு வந்திருந்த பெண்கள் அந்தப் பேச்சைத் தெருவெங்கும் கொண்டுபோனார்கள். அஸர் தொழுகைக்கு முன்னமே தெருப் பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் கிடந்த படக்கதைகளைக் கொண்டுவந்து கிணற்றடியில் குவித்தார்கள். நெருப்பு வைத்தவள் றஹீமா. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, இனி இந்தத் தெருவில் மந்திரவாதி என்ற பேச்சே கேட்கக்கூடாது என்றாள். சபூறா அவளை மார்க்கம் படித்த ஒரு ஆலிமைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மிச்சம் போத்தல்தான். பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டதற்கு, பிஸ்மி சொல்லிக் கடலில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்.

கடற்கரைக்குப் போனபோது லைலாவும் அழுதுகொண்டே பின்னால் வந்தாள். றஹீமா அலை கால் நனைக்கிற இடத்தில் நின்று கையை ஓங்கினாள்.

“உம்மா, அது மயிரில்ல. வாப்பாட குரல்.”

ஓங்கிய கை நின்றது.

இளவரசி குடுவைக்குள் இளவரசனின் குரலை அடைத்தாளாம். தான் குரலுக்கு எங்கே போவது என்று யோசித்த லைலா, வாப்பாவின் கசற்றிலிருந்து நாடாவை இழுத்து ஒரு துண்டை பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறாள். வெட்டின இரண்டு நுனியையும் செலோடேப்பால் ஒட்டியும் வைத்திருக்கிறாள்.

“எந்தத் துண்டை வெட்டின?” றஹீமா கையை இறக்கினாள்.

“கடைசியில வாப்பா ‘கெதியா வந்திருவன் றஹீமா’ எண்டு சொல்லுவாரே... அதை.”

றஹீமா போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு நாடா. சீக்கிரம் வருவேன் என்று நாலு மாதமாய் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த சொல் அதுதான். அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

வீட்டுக்கு வரும்போது சபூறா வேலிப் படலையடியில் காத்து நின்றாள்.

“போட்டுட்டியா புள்ள?”

“ஓம் ராத்தா. போட்டாச்சி.”

“திரும்பிப் பாக்கல்லியே?”

“இல்ல ராத்தா.”

சபூறா நிம்மதியோடு போய்விட்டாள். றஹீமா படலையைச் சாத்திவிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வாசற்படியில் குந்தினாள். முந்தி இருந்ததைவிட ஒரு முழம் ஆழமாகத் தோண்டினாள். முந்தானை முடிச்சிலிருந்து போத்தலை எடுத்து, கழுத்து நூலைச் சரிபார்த்து உள்ளே வைத்தாள். லைலா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“எத்தின வெள்ளி போயிரிக்கி மகள்?”

“அஞ்சி.”

றஹீமா மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினாள்.

“அப்ப அந்தக் கோழியப் புடிச்சிக் கூட்டுக்குள்ள அடை. இன்னும் ரெண்டு வெள்ளிதானே.”