பதினைந்து வயதுத் தோழி

"அம்மா, உன் மூஞ்சியை ஒரே ஒரு நிமிஷம் கடன் குடேன்."

ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை முடிந்து வந்த அம்மா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மகள் கைபேசியை நீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எதுக்குடி என் மூஞ்சி?"

"இதுல காட்டணும். கண்ணைச் சிமிட்டு, தலையைத் திருப்புன்னு சொல்லும். செஞ்சா போதும், எனக்குப் பதினாறு முடிஞ்சிருச்சுன்னு நம்பிடும்."

"உனக்குப் பதிமூணு."

"அது எனக்குத் தெரியும்மா. அதுக்குத் தெரிய வேண்டாம்னுதானே உன்னைக் கேக்கறேன்."

பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அன்று காலைதான் அமலுக்கு வந்திருந்தது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து, பூட்டிப்போன கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் பெண்.

"முடியாது. சட்டம்னா சட்டம்தான்" என்றபடி அம்மா கை கழுவப் போனாள். மகள் விடவில்லை. பின்னாலேயே வந்தாள்.

"ஆட்டம் பாட்டம் பாக்கவா கேக்கறேன்? அதுல 'தூங்குமூஞ்சி'ன்னு பேர் வெச்சிருக்கற ஒருத்திகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். உனக்கு அவளைத் தெரியாது. ஒரு வருஷமா என் ஃப்ரெண்டு. அவளுக்குப் பதினஞ்சுதான், அவ கணக்கும் போயிருக்கும். ஆனா அவளுக்கு ஒரு அக்கா இருக்கா. அக்கா மூஞ்சியைக் காட்டி எப்படியும் திரும்பி வந்துடுவா. நானும் அங்க இருந்தாத்தானே என்னைத் தேடுவா?"

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல."

"குரலாவது?"

"இல்ல. எழுத்துதான்."

"அப்புறம் எப்படிடி பதினஞ்சுன்னு நம்பற? அம்பது வயசு ஆளு உக்காந்து எழுதினாலும் உனக்குத் தெரியாது. இதுக்குத்தான் சட்டமே போட்டிருக்காங்க."

"அவ அப்படி இல்ல!" மகளின் குரல் உடைந்தது. "எனக்கு முதல் தடவை வயித்துவலி வந்தப்ப, பயந்துபோய் அவகிட்டதான் சொன்னேன். உடனே அம்மாகிட்டப் போய்ச் சொல்லு, திட்ட மாட்டாங்கன்னு சொன்னதே அவதான். கிளாஸ்ல எல்லாரும் என்னை ஒதுக்கி வெச்சப்பவும், சாப்பிடாம இருக்காதேன்னு தினம் கேட்டது அவதான்."

அம்மா குழாயை மூடினாள். துண்டை எடுத்தவள், ஏற்கெனவே காய்ந்துபோன கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

லேப்பில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. எவ்வளவு குண்டான கையானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தான் அவளால் முடிந்ததில்லை. கணவர் தனியாகப் போன இந்த இரண்டு வருடங்களில் "ம்", "தெரியல", "விடு", இவ்வளவுதான் வீட்டுப் பேச்சு. மகள் இப்படி மூச்சுவிடாமல் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது.

"அவங்க வீட்லயும் நம்ம வீடு மாதிரிதான்மா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அவளும் அழுவா. என்னை விட்டா அவளுக்கும் பேச யாருமில்ல. பாவம், இன்னிக்கு என்ன பண்றாளோ."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, அவகிட்ட என்னதான் கேக்கணும்? என்கிட்டக் கேளு."

"உன்கிட்டக் கேக்கற விஷயமில்ல."

"பரவால்ல, கேளு."

மகள் தரையைப் பார்த்தாள். "அப்பா நேத்து ஸ்கூல் வாசல்ல வந்து நின்னாரு. லீவு விட்டதும் தன்கூடவே வந்து இருக்கச் சொல்றாரு. லீவுக்கு மட்டுமில்ல, ஒரேயடியா. போகவா வேண்டாமான்னு எனக்குத் தெரியலம்மா. அதைத்தான் அவகிட்டக் கேக்கணும்."

அம்மா கையிலிருந்த துண்டை நான்காக மடித்து மடியில் வைத்தாள்.

"அவளைக் கேட்டா போகாதேன்னுதான் சொல்லுவா" என்றாள் அம்மா.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன்னை விட்டா அவளுக்கு யாருமில்லன்னு நீதானே சொன்ன? தனியா இருக்கறவ வேற எப்படிச் சொல்லுவா? அதனால அவளைக் கேக்காத." நாற்காலியை மகள் பக்கமாக நகர்த்தினாள். "அம்மா சொல்றேன் கேளு. லீவுல ஒரு மாசம் போய் இரு. அவரு உன் அப்பா, வேத்து ஆளா? பிடிச்சா இரு. பிடிக்கலன்னா ஒரு போன் பண்ணு, அரை மணியில வந்து நிப்பேன். எதுன்னாலும் எனக்குக் கோவமில்ல."

"நிஜமாவா? நீ கத்துவேன்னு நினைச்சேன்."

"நானும்தான் நினைச்சேன்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு, எட்டு வயதில் செய்ததுபோல, வந்து அம்மாவின் மடியில் பாரமாக உட்கார்ந்தாள். கிளாஸில் ஒதுக்கிய கதை, கணக்கு டீச்சரின் கதை, அப்பா வீட்டு நாய் என்று வந்த பேச்சு அரை மணி நேரம் ஓயவில்லை. அம்மாவுக்குக் கால் மரத்துப்போனது. அசையவில்லை.

"ஆனாலும் அவளை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு" என்று கடைசியாகச் சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் அம்மா தன் கைபேசியை எடுத்தாள்.

'தூங்குமூஞ்சி, உங்கள் வயது பதினைந்து என்று பதிவு செய்திருப்பதால் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது. வயதில் மூத்தவர் என்றால் நிரூபித்துத் திரும்பப் பெறலாம்' என்றிருந்ததை ஒரு முறை படித்துவிட்டு, கீழே இருந்த 'நிரந்தரமாக நீக்கு' என்பதை அழுத்தினாள்.