கை போன பக்கம்

"கை தானாப் போச்சாம்! கதையைப் பாருங்க. தன் பிள்ளை கிடந்த பக்கமாப் பார்த்துத் தானாப் போச்சாம்!"

உள்ளே நுழையும்போதே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். பின்னால் தம்பி பெண்டாட்டி தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெஷின்காரருக்குச் சங்கடமாகப் போயிற்று. இந்த மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் எத்தனையோ வருஷமாக மெஷின் ஓட்டுகிறார். காலேஜ் பிள்ளைகள் வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். குடும்ப வழக்கோடு யாரும் வந்ததில்லை. கூடத்துப் பேராசிரியர், எல்லாருக்கும் பெரியவர், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், "ரெண்டு பொம்பளைங்க வருவாங்க, டெஸ்ட் எடுத்து அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். ஏரியில் படகு கவிழ்ந்தது. இந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டியின் மகள், அந்தப் பக்கம் நாத்தனார் மகன். ஒரு கை படகைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மகளைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் வெறும் தண்ணீர்.

"யோசிக்கவே இல்லக்கா. கை போயிடுச்சு."

"அதை மெஷின் சொல்லட்டும். உட்காருடி."

போன பிள்ளையை வைத்து இப்படிக் கோர்ட் நடத்துகிறாளே, இவளும் ஒரு தாயா என்று மெஷின்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல், வயர் தொங்கும் தொப்பியை எடுத்துத் தம்பி பெண்டாட்டி தலையில் மாட்டினார்.

"பயப்படாதீங்கம்மா, ஷாக்கெல்லாம் அடிக்காது. கைக்கு ஒரு பட்டன். எப்பத் தோணுதோ, எது தோணுதோ, அமுக்குங்க. எனக்கு முன்னால ரெண்டு விளக்கு இருக்கு. நீங்க எந்தக் கைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாலயே, மெஷின் உங்க மூளையைப் பார்த்து அந்தப் பக்கத்து விளக்கை ஏத்தும்."

"தப்பாச் சொல்லாதா?" என்றாள் நாத்தனார்.

"சொல்லாம என்ன? பாதிக்குக் கொஞ்சம் மேல சரியா வந்துட்டாலே எங்க பெரியவர் எல்லாருக்கும் காபி வாங்கித் தருவார்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். நாத்தனார் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

இடது விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து, இடது கை அமுக்கியது.

வலது விளக்கு. வலது கை.

மறுபடி வலது. மறுபடியும் வலது கை.

மெஷின்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒருவேளை விளக்கைப் பார்த்துத்தான் அமுக்குகிறாளோ? மேசைத் துணியை எடுத்து விளக்குகளை மூடி, தன் பக்கத்து ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். அப்போதும் அப்படியேதான்.

ஒரு தரம் வலது விளக்கு எரிந்தது. அவளுடைய இடது விரல் பட்டன்மேல் இறங்கியது. அப்பாடா, ஒன்றாவது தப்பியது என்று அவர் மூச்சு விடுவதற்குள், மனசு மாறினவள்போல விரலை எடுத்துவிட்டு வலதை அமுக்கினாள்.

மனசு மாறப்போவதும் விளக்குக்குத் தெரிந்திருந்தது.



"போதும்" என்றாள் நாத்தனார். நேரே உள்ளே போனாள். தொப்பியைத் தானே கழற்றினாள். "பார்த்துட்டேன்டி. நீ நினைக்கறதுக்கு முன்னால விளக்கு எரியுது. நீ பண்ணல. எதையும் நீ பண்ணல."

"அப்ப... அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான். உனக்குப் பரிஞ்சு பேசணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நானே சொல்றேன்ல. எழுந்து போ."

வராந்தா பெஞ்சில் சின்னப் பெண் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வருவதைப் பார்த்ததும், பழக்கப்பட்டவள்போல எட்ட நகர்ந்துகொண்டாள். அம்மா குனிந்தாள். அப்படியே வாரி எடுத்தாள். அவள் அழுத அழுகை கண்ணாடி தாண்டிக் கேட்டது.

நாத்தனார் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். முகமே வேறாக இருந்தது.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ண்ணா."

"எதுக்கும்மா?"

"அன்னைலேர்ந்து அவ அந்தக் குழந்தையைத் தொடறதே இல்ல. கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. மன்னிச்சுட்டேன்டின்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், நம்பல. நான் பாசமாச் சொன்னா நம்ப மாட்டா. திட்டிக்கிட்டே சொன்னாத்தான் நம்புவா. அதான் நேத்து வந்து உங்க பெரியவர் கால்ல விழாத குறையாக் கேட்டேன், எப்படியாவது விளக்கை முன்னாலயே எரிய விடுங்கன்னு. ஆகட்டும்னாரு."

 பெரியவர் மெஷின்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நடக்காது. அந்த விளக்குகளுக்கு ஸ்விட்சே கிடையாது. மெஷின்தான் ஏற்றவேண்டும்.

அவர் முழிப்பதைப் பார்த்து அவள் குரல் இறங்கிவிட்டது.

"பொய்தானேண்ணா? நீங்கதானே எரிய விட்டீங்க?"

அவர் விளக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் கேக்கறேன்னா, அவதான் செஞ்சான்னா என்னால மன்னிக்க முடியும். மன்னிச்சுட்டேன். இது நெசம்னா, அவ கையை அந்தப் பக்கம் திருப்பி விட்டது மேல இருக்கறவருன்னு ஆகுது. தினமும் அவர்கிட்டதான் என் பிள்ளையைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லிட்டிருக்கேன். அவரை மன்னிக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லண்ணா."

மெஷின்காரர் துணியை இழுத்து விளக்குகளை முழுசாக மூடினார்.

"பொய்தாம்மா" என்றார். "மேசைக்கு அடியில ஸ்விட்ச் இருக்கு. அவங்க விரல் அசையறதைப் பார்த்துப் பார்த்து, நான்தான் எரிய விட்டேன்."