நாலு தெரு தூரம்

முப்பது வயது மிரேலா, இத்தாலியின் பாரி நகரத்தில் அப்பா அம்மாவின் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தாள். நாலு தெரு தள்ளி வீடு பார்த்திருப்பதாக அவள் சொன்னதும், அப்பா ஸ்கெந்தர் காப்பிக் கோப்பையை ணங்கென்று வைத்தார்.

“நாலு தெருவா! பெத்தவங்கள அநாதையா விட்டுட்டுப் போறியா?”

“பஸ்கூட வேண்டாம்ப்பா. நடந்தே வந்துடுவேன்.”

“உனக்காகத்தானே அல்பேனியாவ விட்டுக் கப்பல் ஏறினேன்? வீடு, சொந்தபந்தம் எல்லாத்தையும் உதறிட்டு இந்த இத்தாலிக்கு வந்து மூட்டை தூக்கினேன்! அதுக்கு இதுதான் மரியாதையா?”

மிரேலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புது வீட்டின் சொந்தக்காரரிடம் வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்தாள்.

ப்யூரெக் பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“போனைக் கீழ வைடி. கப்பல் ஏறினப்ப நீ பொறக்கவே இல்ல.”

“பின்ன எதுக்கும்மா வந்தீங்க?”

“அங்க எங்களுக்கு மேல்மாடில இவரோட அம்மா இருந்தாங்க. தன் பிள்ளை சாப்பிட்டானான்னு பாக்க தினமும் மூணு தடவை இறங்கி வருவாங்க. ‘நடுவுல ஒரு கடலாவது இருந்தாத்தான் எனக்கு நிம்மதி’ன்னது இந்த மனுஷன்தான்.”

ஸ்கெந்தர் தொண்டையைச் செருமினார்.

“சரி சரி... சாமானெல்லாம் எப்ப ஏத்தணும்?”