பதினான்கு கோடுகள்

"பிள்ளை கையில ஆசிட் கொட்டியிருக்கு. நீங்க உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்துக்கிட்டு நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டு இருந்தீங்களாமே!"

வேதியியல் ஆய்வகத்தின் கதவு சுவரில் மோதி நின்றது. பேட்டரிக் கடைக்காரர் வந்த வேகம் அப்படி. மகள் சொல்லி முடிப்பதற்குள் கடை ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினார்.

"உட்காருங்க சார்."

"உட்கார வரல. இருபது வருஷமா ஆசிட்ல பொழைக்கிறவன் நான். அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். ஏதோ நல்ல நேரம், என் பொண்ணு கை தப்பிச்சுது. கண்ணுல பட்டிருந்தா? நீங்க கண்ணு குடுப்பீங்களா?"

"கொட்டின உடனே ஓடிப் போய்க் குழாய்ல கையைக் காட்டினாளா, இல்லையா?"

"காட்டினா. நீங்க எழுந்தா போய்க் காட்ட வெச்சீங்க? அவளா ஓடியிருக்கா!"

"அதைத்தான் எழுதிக்கிட்டு இருந்தேன்."

"நல்லாயிருக்கு! வீடு எரியுறப்ப ஒருத்தி ஓடு எண்ணிக்கிட்டு இருந்தாளாம். எங்க அந்த பாட்டில்? ஹெட்மாஸ்டர் மேஜையில வெச்சுட்டுத்தான் மத்த பேச்சு."

மேஜைமேல் இருந்த பாட்டிலை வெடுக்கென்று எடுத்தார். லேபிளில் சிவப்பு எழுத்தில் 'அடர் கந்தக அமிலம்'.

எடுத்த கை அப்படியே நின்றது.

அந்த ஆசிட்டின் கனம் அவர் கைக்கு அத்துப்படி. தண்ணீரைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும். இது பஞ்சாக வந்தது.

மூடியைத் திறந்தார். விரலை விட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். பேண்ட்டில் துடைத்தார்.

"தண்ணி!"

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாடா என்று கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

அரை நிமிஷம்தான். மறுபடி எழுந்தார்.

"அப்ப இது வேற தில்லுமுல்லா? ஆசிட்னு எழுதி ஒட்டி, உள்ள தண்ணி! பேட்டரிக்காரன்கிட்டயே கலப்படமா?"

"மெதுவா பேசுங்க சார். பசங்க காதுல விழுந்தா என் ஒரு மாச உழைப்பு போச்சு."

"என்ன பெரிய உழைப்பு? தண்ணி பிடிச்சு வைக்கிறதா?"

"சைக்கிள் கத்துக்கற பிள்ளையை முதல் நாளே லாரி ஓடுற ரோட்டுல விடுவீங்களா? புதுசா வர்றவங்களுக்கு முதல் மாசம் எல்லா பாட்டில்லயும் தண்ணிதான். ஆசிட்னு நம்பித்தான் தொடுவாங்க. யார் என்ன தப்பு பண்றாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு போட்டு வைப்பேன். கோடு விழறது நின்னாத்தான் நிஜ ஆசிட். திங்கட்கிழமை திறக்கப் போறேன். எல்லாருக்கும் நின்னுடுச்சு. உங்க பொண்ணைத் தவிர."

"என் பொண்ணா? சும்மா சொல்லாதீங்க!"

டீச்சர் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக்கூடாது. இதை முதல் நாளே சரியா செஞ்சவ வகுப்புல இவ ஒருத்திதான்."

அவர் முகம் மலர்ந்தது. "பின்ன? கடையில என்னைப் பார்த்து வளர்ந்தவளாச்சே!"

"அதுக்குக் கீழயும் படிங்க."

'விரலை விட்டுப் பார்த்தாள். சீருடையில் துடைத்தாள்.' பக்கத்தில் வரிசையாகப் பதினான்கு கோடுகள்.

"எவ்வளவு சொல்லியும் விடமாட்டேங்கறா. உடனே துடைச்சுட்டதாலதான் சுடலைன்னு நினைச்சுக்கறா. இது எங்கிருந்து ஒட்டிக்கிச்சுன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன் சார். இப்பத்தான் கண்ணால பார்த்தேன்."

அவர் குனிந்தார். பேண்ட்டின் வலது தொடையில், ஆசிட் தின்ற ஓட்டைகள் பொட்டுப் பொட்டாக. நடுவில், சற்றுமுன் துடைத்த ஈரம்.

பாட்டிலை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். குரல் தானாக இறங்கியிருந்தது.

"டீச்சர், என் பொண்ணுக்கு மட்டும் இன்னும் ஒரு மாசம் தண்ணியே குடுங்க. நான் திருந்துறதுக்கு அவ்வளவு நாளாவது ஆகும்."