ஹாலுக்கு என்ன கலர்?

"ஏம்ப்பா, மூணு நாளா பிரஷ்ஷை நனைக்கவே இல்ல. டப்பா மேல உக்காந்து டப்பாவுக்கே காவல் காக்கறியா?"

நம்ம ஆளு போட்ட சத்தத்துல பெயிண்டர் மெதுவா எந்திரிச்சாரு.

"ஹாலுக்கு என்ன கலர்னு முடிவா ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உடனே அடிச்சுடறேன்."

முடிவு! அந்த வார்த்தையைக் கேட்டாலே நம்ம ஆளு ஓட வழி தேடுவாரு.

வீட்டைக் கொஞ்சம் சரிபண்ணலாம்னு ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. பிளம்பர் வந்து, "குழாய் நீட்டமா, குட்டையா?"ன்னாரு. கார்ப்பென்டர், "கதவு உள்ள தொறக்கணுமா, வெளிய தொறக்கணுமா?"ன்னாரு. எலக்ட்ரீஷியன், "சுவிட்சு இடுப்புக்கா, தோளுக்கா?"ன்னாரு. டைல்ஸ்காரர் பதினேழு டைல்ஸைத் தரையில பரப்பி, "இதுல எந்த வெள்ளை சார்?"ன்னாரு. பதினேழும் வெள்ளைதான்!

நேத்து ஆபீஸ்ல "டீயா காபியா?"ன்னு கேட்டிருக்காங்க. "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்துட்டாரு மனுஷன்.

தட்டுத் தடுமாறி எல்லாத்தையும் தாண்டியாச்சு. மிச்சம் ஹால் சுவரு. அங்கதான் வண்டி மாட்டிக்கிச்சு.

சம்சாரத்துக்கு இளமஞ்சள். அப்பாவுக்கு வெளிர்பச்சை. நம்ம ஆளு ஒரு வழியும் தெரியாம ரெண்டையும் வாங்கிட்டு வந்து வெச்சுட்டாரு.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகியும் பேச்சு பஸ்ஸை விட்டு எறங்கல. "மஞ்சளா? அதெல்லாம் இந்த வண்டியில ஏறாது. எறங்கு எறங்கு!"

சம்சாரம் சளைச்சவங்களா? "பச்சை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் மாமா. வர்றவங்க எல்லாம் டோக்கன் கேப்பாங்க."

"மஞ்சள்னா நான் என் பொண்ணு வீட்டுக்குக் கெளம்பறேன். ரைட்!"

"பச்சைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அப்பாவும் புள்ளையும் பச்சைப் பசேல்னு இருங்க!"

நாலு நாளா அப்பாவோட பையும் சம்சாரத்தோட பெட்டியும் வாசல்ல ஜோடியா நிக்குது. சுவத்துல எது விழுதோ, அதைப் பாத்துட்டுக் கெளம்பறதா ஏற்பாடு. சேர்ந்து உக்காந்து சாப்பிட்டும் நாலு நாள் ஆச்சு. மஞ்சள்னு சொன்னா பை போயிடும். பச்சைன்னு சொன்னா பெட்டி போயிடும். பாவம், வாயைத் தொறக்க முடியுமா?

ஊமையாட்டம் இருந்த மனுஷன் கோபத்தை எங்க கொட்டுவாரு? இருக்கவே இருக்காரு பெயிண்டர்.

"வீட்டுல அடிச்சுக்கறாங்க, நீ நோகாம வேடிக்கை பாக்கறே! நல்ல பொழப்புய்யா உன் பொழப்பு!"

பெயிண்டர் உள்ள எட்டிப் பாத்தாரு. அப்பா ரூம் கதவு சாத்தியிருக்கு. சமையல்கட்டுல பாத்திரம் உருளுது.

"கொஞ்சம் வெளிய வாங்க சார்."

வாசலைத் தாண்டினதும் குரலை எறக்கினாரு. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. நீங்க இவ்வளவு திட்டறதால சொல்றேன். மூணு நாள் முன்னாடி தனியா கூப்பிட்டு, 'மாமா பகல் பூரா அந்த ஹால்லதான் உக்காந்திருக்காரு. அவரு கண்ணுக்குப் புடிச்ச பச்சையையே அடிச்சுடுங்க. நான் விட்டுக்கொடுத்தேன்னு மட்டும் தெரிஞ்சா, அடுத்து சமையல்கட்டுலயும் டிக்கெட் கிழிக்க வந்துடுவாரு. அதனால, கை தவறி டப்பா மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க'ன்னாங்க."

நம்ம ஆளு சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்துச்சு.

"அடப் பாவி! அப்ப அன்னிக்கே பச்சையை அடிச்சிருக்கலாமே! எதுக்கு இப்படிக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தே?"

"பச்சை டப்பாவைத் தொறக்கத்தான் சார் போனேன். பெரியவர் வந்து தோள்ல கையைப் போட்டாரு." பெயிண்டர் அப்படியே அப்பா குரலுக்கு மாறிட்டாரு. "'தம்பி, இந்த வீட்டுக்கு அந்தப் பொண்ணுதான் டிரைவரு. நான் பின்னால நின்னு சும்மா விசில் ஊதறவன். மஞ்சளையே அடிச்சுடு. நான் சொன்னேன்னு வெளிய விட்டுடாத, கெழவன் பயந்துட்டான்னு அவ சிரிப்பா. கை தவறி டப்பா மாறிப்போச்சுன்னு சொல்லிடு. ரைட்?' அப்படின்னாரு."

நம்ம ஆளு வாசல்ல நின்ன பையையும் பெட்டியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

பெயிண்டர் தலையைச் சொறிஞ்சாரு. "ரெண்டு பேருக்கும் சரின்னு தலையாட்டிட்டேன். தப்புப் பண்ண நான் தயாராத்தான் சார் இருக்கேன். எந்தத் தப்பைப் பண்றதுன்னுதான் மூணு நாளா புரியல!"

முதல்ல ஒரு பெருமூச்சு வந்துச்சு நம்ம ஆளுக்கு. அப்புறம் ஒரு மாசத்துச் சிரிப்பும் மொத்தமா சேர்ந்து வந்துச்சு. வயித்தைப் புடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டாரு.

"என்னங்க, என்ன சிரிப்பு?" சமையல்கட்டுலருந்து ஒரு குரல்.

"என்னடா அங்க?" சாத்தின கதவுக்குப் பின்னாலருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" கண்ணைத் தொடைச்சுக்கிட்டே பெயிண்டர் பக்கம் திரும்பினாரு நம்ம ஆளு.

"போய்க் கண்ணை மூடிக்கிட்டு ஏதோ ஒரு டப்பாவைத் தொறய்யா. ஜெயிக்கறதுக்குச் சண்டை போடறாங்கன்னுல்ல நான் பயந்துட்டு இருந்தேன்!"